கல்லிபோலி ஒருநாள் பஸ் டூர்: கல்லறைக்கு நாலு ஸ்டார், கடலுக்கு ஒன்று

ஊர் தூத்துக்குடி. 31 வருஷம் சரக்குக் கப்பலில் என்ஜினீயர். துருக்கியில், கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு வரும் வழியில் உள்ள தார்தனெல்ஸ் ஜலசந்தியை எத்தனை தடவை கடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கருங்கடல் துறைமுகங்களான ஒடெஸாவிலும் நோவோரோஸிஸ்க்கிலும் கோதுமை ஏற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் அந்த வழிதான். ஆனால் ஒரு தடவைகூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜலசந்தி வந்துவிட்டால் என்ஜின் ரூமில் ஸ்டாண்ட்-பை. வழிகாட்ட ஏறும் பைலட்டும் கேப்டனும் மேலே வேடிக்கை பார்ப்பார்கள், நாங்கள் கீழே. அந்த 61 கிலோமீட்டரும் எனக்கு டீசல் வாடையும் மணிச் சத்தமும்தான்.

ரிட்டயர் ஆனதும் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு இஸ்தான்புல் போனேன். ஹாகியா சோஃபியா பார்த்தோம், பஜாரில் அலைந்தோம். மூன்றாம் நாள் இந்த கல்லிபோலி டூர். அதே ஜலசந்தியின் ஒரு கரைதான் கல்லிபோலி, முதல் உலகப் போர் நடந்த இடம். கம்பெனி பேர் போடவில்லை. இதே பாதையில் பல கம்பெனிகள் ஓட்டுகின்றன, நோட்டீஸ்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறுத்தங்கள் முக்கால்வாசி ஒன்றுதான். விடுதி வரவேற்பில் கேட்டால் கூடுதல் சொல்வார்கள், நேராகப் பதியுங்கள்.

காலை ஆறரைக்கு வண்டி வந்தது. 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஐந்து மணி நேரம் ஆனது. பின்வரிசையில் ஏசி வேலை செய்யவில்லை. டிரைவரிடம் சொன்னதற்குத் தலையாட்டினார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கவனித்தேன்: கம்ப்ரசர் ஓடுகிறது, காற்றுதான் பின்னால் வரவில்லை. ஐந்து நிமிஷ வேலை. யார் கேட்கிறார்கள்? முதுகு வலி உள்ளவர்கள் முன்சீட் கேட்டு வாங்குங்கள்.

மதியச் சாப்பாடு எஜியாபாத் என்ற கரையோர ஊரில். பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள், வீட்டம்மா இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கினாள். மீதியெல்லாம் சுமார்.

வழிகாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயது இருக்கும், சுத்தமான ஆங்கிலம், மைக்கில் கத்தாத மனுஷன். வண்டியில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியர்கள். 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் அவர்கள் ஊர்ப் பையன்கள் பிரிட்டன் பக்கம் நின்று துருக்கியரோடு சண்டை போடக் கரையிறங்கிய ஆன்சாக் கோவ் கடற்கரை (ஆன்சாக் என்றால் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை), கல்லறைகள், அப்புறம் மேட்டில் லோன் பைன் நினைவிடம். அங்கே ஒரு பாட்டி கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு பெயர், ஒரு பட்டாலியன் எண். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைச் சுவரில் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் பலகை என்று தெரியாமல் அந்தம்மா தடுமாறியதும் வழிகாட்டி கூடவே நின்று தேடிக் கண்டுபிடித்தார். டிரைவர் ஹாரன் அடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த எழுத்துகளுக்குள் பாட்டி விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினார். இருபது நிமிஷம் தாமதம், பஸ்ஸில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. இந்தச் சேவைக்கு முழு மார்க்.

அதற்கு மேலே ரோட்டின் இரண்டு பக்கமும் பதுங்குகுழிகள். இந்தப் பக்கம் ஆஸ்திரேலியர், அந்தப் பக்கம் துருக்கியர். நம்மூர் டவுன் பஸ் இரண்டு எதிரெதிரே வந்தால் ஒதுங்கத் திணறும், அவ்வளவுதான் நடுவில் இடம். துருக்கியரின் 57-வது ரெஜிமெண்ட் நினைவிடத்தில் வழிகாட்டியின் குரல் கொஞ்சம் மாறியது. "தாக்கச் சொல்லி உத்தரவிடவில்லை, சாகச் சொல்லி உத்தரவிடுகிறேன்" என்று லெப்டினன்ட் கர்னல் முஸ்தபா கெமால் (பின்னாளில் துருக்கிக் குடியரசை உருவாக்கிய அட்டாதுர்க்) சொன்னது இந்தப் படையிடம்தான். எட்டு மாத கல்லிபோலிச் சண்டையில் ஆஸ்திரேலியர் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். துருக்கியர் தரப்பில் 80,000-க்கும் மேல். இந்த இரண்டாவது கணக்கைக் கேட்டதும் வண்டி கப்சிப்.

ஆரி பர்னு கடற்கரையில் இருக்கும் "தாய்மாரே, கண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள்" வாசகத்தை மட்டும் அட்டாதுர்க் சொன்னது என்று அப்படியே ஒப்பித்தார். 1985-ல் கல்லில் வெட்டியது அது. அவர் உண்மையில் சொன்னாரா என்று வரலாற்றுக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இந்தியர்கள் பற்றியும் மூச்சில்லை. இதே பள்ளத்தாக்குகளில் தண்ணீரும் தோட்டாவும் ஏற்றிக்கொண்டு போனது இந்தியக் கோவேறுகழுதைப் படை. கூர்க்காக்கள் இருந்தார்கள், 14-வது சீக்கியர் படை ஜூன் 4-ம் தேதி ஒரே நாளில் பாதிக்கு மேல் ஆட்களை இழந்தது. அவர்கள் பெயர்கள் தெற்கு முனை ஹெல்லஸில் இருக்கின்றன, இந்த டூர் அந்தப் பக்கமே போகாது. கேட்டேன். "நேரம் போதாது சார்" என்றார். அது உண்மைதான், அதனால் அவர் மேல் கோபமில்லை.

என் பெரிய குறை வேறே. இவர்கள் கதையை ஏப்ரல் 25-லிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஏதோ பையன்கள் வந்தார்கள், வீரமாகச் செத்தார்கள் என்பது மாதிரி. எதற்கு வந்தார்கள்? கூட்டாளியான ரஷ்யாவுக்குப் போகும் இந்தக் கடல்வழிக்கு. அதைப் பற்றி வண்டியில் பேசியது மொத்தமே பத்து நிமிஷம்.

நம்மூரில் 'எம்டன்' தெரியாதவர் இல்லை, 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்ட கப்பல். அதே ஜெர்மன் கடற்படையின் போர்க்கப்பல் 'கோபென்', அந்த ஆகஸ்டிலேயே பிரிட்டிஷ்காரனுக்குத் தண்ணி காட்டிவிட்டு இந்த ஜலசந்திக்குள் புகுந்தது. துருக்கி மக்கள் சந்தா போட்டு பிரிட்டனில் கட்டிய இரண்டு போர்க்கப்பல்களை பிரிட்டன் அப்போதுதான் பிடுங்கி வைத்திருந்தது. துருக்கியரின் அந்த வயிற்றெரிச்சலைப் பார்த்து ஜெர்மனி கோபெனைக் கொடியோடு மாற்றித் துருக்கிக்குக் கொடுத்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் ஜலசந்தியை அடைத்தார்கள். அக்டோபர் 29-ல் அதே கோபென் போய் ரஷ்யத் துறைமுகமான செவஸ்தபோலைச் சுட்டது.

ஏற்றுமதிக் கோதுமையில் பெரும்பகுதியை ரஷ்யா இந்த வழியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. வழி அடைத்ததும் கோதுமை வெளியே போகாது, பீரங்கிக் குண்டு உள்ளே வராது. ஆர்க்கேஞ்சல் துறைமுகம் குளிர்காலத்தில் உறைந்துவிடும், விளாடிவொஸ்டோக் உலகத்தின் மறு கோடி. டெலிவரி வால்வை மூடிவிட்டு பம்ப்பை ஓட்டினால் என்ன ஆகும் என்று எந்த பிட்டரைக் கேட்டாலும் சொல்வான். தெற்கே தானியம் கிடக்க, ரயில் இழுக்க முடியாமல் 1917 மார்ச்சில் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ரஷ்ய மன்னன் ஜார் போனான். ஜலசந்தி ஒன்றால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த நவம்பரில் ஆட்சிக்கு வந்த லெனினின் போல்ஷிவிக்குகள் ரகசிய ஒப்பந்தங்களைப் பத்திரிகையில் போட்டார்கள். 1915-ல் இந்த ஜலசந்தியையும் கான்ஸ்டான்டிநோபிளையும் (இன்றைய இஸ்தான்புல்) ஜாருக்குத் தருவதாக நேச நாடுகள் எழுதிக் கொடுத்திருந்த சங்கதியும் அதில் வெளியே வந்தது. ஆன்சாக் கரையில் செத்த பையன்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருப்பார்களா?

டூர் முடிந்து பஸ் இஸ்தான்புல் கிளம்பும்போது நாங்கள் எஜியாபாத்திலேயே இறங்கிக்கொண்டோம். திரும்பும் பயணத்துக்குக் காசு கழிக்கவில்லை, போகட்டும். படகில் எதிர்க்கரை ஊரான சனக்கலே போய் ராத்திரி தங்கி, காலையில் சிமென்லிக் கோட்டை கடற்படை அருங்காட்சியகம். துருக்கியரின் 'நுஸ்ரெத்' என்ற கண்ணிவெடி விதைக்கும் கப்பலின் மாதிரி அங்கே நிற்கிறது. அசல் கப்பல் பின்னாளில் சரக்கு ஏற்றி ஓடி, மூழ்கி, இப்போது டார்சஸில் இருக்கிறது.

40 மீட்டர்தான் நீளம். நம்ம துறைமுக டக் போட்டை விடக் கொஞ்சம் பெரிசு. 1915 மார்ச் 8 இருட்டில் இது போட்டது 26 கண்ணிகள். ஜலசந்திக்குக் குறுக்கே போடாமல் கரையை ஒட்டி நீளவாக்கில் போட்டான், எதிரிக் கப்பல்கள் சுட்டுவிட்டு வளைந்து திரும்பும் இடம் பார்த்து. 18-ம் தேதி ஜலசந்தியை உடைத்துப் போக பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தபோது பிரெஞ்சுக் கப்பல் 'பூவே' அதில் மாட்டி இரண்டே நிமிஷத்தில் போய்விட்டது, 600-க்கு மேற்பட்ட ஆட்களோடு. கூட இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் போயின. கடல்வழியாக முடியாது என்று ஆன பிறகுதான் ஏப்ரல் 25. இரண்டு நிமிஷத்தில் என்ஜின் ரூமிலிருந்து மேல் டெக்குக்கு ஏற முடியாது. நான் நேரம் பார்த்திருக்கிறேன், பயிற்சியில், விளக்கு எரியும்போதே. அந்த மாதிரிக் கப்பலின் டெக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, டூருக்கு ஐந்தில் மூன்றரை. வழிகாட்டிக்காகப் போகலாம். ஆனால் ஒருநாள் டூர் வேண்டாம், சனக்கலேயில் ஒரு ராத்திரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் படகில் மேல்தட்டில் நின்றோம். ஜலசந்தியின் ஒடுக்கமான இடம் அதுதான், 1.2 கிலோமீட்டர். நாரா முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு பல்க் கேரியர், சரக்கில் நன்றாக அமிழ்ந்து, தெற்கே வந்துகொண்டிருந்தது. எங்கள் படகு வேகத்தைக் குறைத்து வழிவிட்டது.

"ஏங்க, அதுல நம்ம ஊர்ப் பையன் யாராவது இருப்பானா?"

"இருந்தாலும் கீழேதான் இருப்பான்" என்றேன்.