கட்டைவிரல் சோதனை போதாது: மோட்டார் சைக்கிளுக்கான மாற்று கிரிப்புகள், ஓர் ஒப்பீட்டு அலசல்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ உள்ள உதிரிபாகக் கடையில் போய் மோட்டார் சைக்கிளுக்குக் கிரிப், அதாவது ஹேண்டில்பார் முனையில் கை பிடிக்கும் ரப்பர் உறை, கேட்டால், கடைக்காரர் நான்கைந்து வகைகளை மேசைமேல் பரப்பி, அவற்றுள் மிகவும் மென்மையானதைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுவார். வாங்க வந்தவரும் அதையே அழுத்திப் பார்த்துத் திருப்தியடைந்து பணத்தைக் கொடுப்பார். அப்படி வாங்கிய மூன்று வகைகளை ஒரே வண்டியில் அடுத்தடுத்து மாட்டி ஓட்டிய பிறகே, கடையில் கட்டைவிரல் சொல்லும் தீர்ப்புக்கும் மதுராந்தகத்தைத் தாண்டும்போது உள்ளங்கை சொல்லும் தீர்ப்புக்கும் உறவு குறைவு என்பதை நான் ஒப்புக்கொண்டேன்.

நான் ஓட்டுவது எஞ்சினின் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்ஸர் தண்டு இல்லாத, பழைய 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. பெரும்பாலான ஓட்டம் சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில். கை நடுத்தர அளவு. இவற்றில் ஒன்று மாறினாலும் முடிவு மாறக்கூடும் என்பதால், எது நல்லது என்பதோடு ஏன் நல்லது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு: இருக்கும் கிரிப்பின்மேல் இழுத்து மாட்டும் ஸ்பாஞ்ச் உறை, இரட்டை அடுக்குள்ள ஜெல் கிரிப், நடுத்தரக் கெட்டியுள்ள சாதாரண ரப்பர் கிரிப், போல்ட்டால் இறுக்கும் லாக்-ஆன் கிரிப். சூடேற்றும் கிரிப்புகளை விட்டுவிட்டேன். மார்கழியில் ஊட்டி ஏறுபவரைத் தவிர நம் ஊரில் அதற்கு வேலையில்லை.

எந்த விரல் மரத்துப்போகிறது?

கிரிப் மாற்றும் முன், எந்த விரல்கள் மரத்துப்போகின்றன என்பதைக் கவனிப்பது கடைக்குப் போவதைவிட முக்கியம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்வைக் கொண்டுசெல்வது மீடியன் நரம்பு. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மறுபாதிக்கும் அல்நார் நரம்பு. சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்துப்போனால், உள்ளங்கையின் அடிப்பகுதி ஹேண்டில்பாரின்மேல் உடல் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்குக் கிரிப்பை மாற்றுவதைவிட, ஹேண்டில்பாரின் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்திச் சில டிகிரி திருப்பி வைப்பதே முதல் வைத்தியம். எனக்கு இடக்கையில் இருந்தது இந்தக் கோளாறுதான். அதை அறியாமல் இரண்டு ஜோடிக் கிரிப்புகளுக்குப் பணம் செலவழித்தேன். கட்டைவிரல் பக்கத்து விரல்கள் மரத்துப்போவதும், வண்டியை நிறுத்திய பிறகும் உள்ளங்கை முழுவதும் ரீங்காரம் இருப்பதும் வேறு கதை: அதில் அதிர்வுக்கும், ஆக்சிலரேட்டரை இறுகப் பிடிக்கும் பழக்கத்துக்கும் பங்கு அதிகம்.

அதிர்வைப் பற்றி ஒரு கணக்கு தேவைப்படுகிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றுகள் சுழன்றால், பிஸ்டனின் ஏற்ற இறக்கம் நொடிக்கு 60 முறை வண்டியை உலுக்குகிறது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் 1,000 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது அது நொடிக்கு 17 முறையாகக் குறைகிறது. கிரிப்பின் மென்மையான அடுக்கு ஒரு ஸ்பிரிங், அதைப் பிடித்திருக்கும் கை ஒரு எடை. இப்படிப்பட்ட அமைப்பு, தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகமான தன் இயல்பான அதிர்வெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேலுள்ள வேகமான அதிர்வுகளை மட்டுமே தணிக்கும், அதற்குக் கீழுள்ளவற்றை அப்படியே கடத்தும், சில இடங்களில் பெருக்கவும் செய்யும். ஆகவே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பரோ ஸ்பாஞ்சோ கூரிய கூச்சத்தைக் குறைக்குமே தவிர, அடித்து உலுக்கும் கனத்த அதிர்வைப் பெரிதாகத் தடுக்காது. கைக்கு வந்து சேரும் அதிர்வை மதிப்பிடும் ஐஎஸ்ஓ 5349 என்ற சர்வதேசத் தரநிலை, 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது நொடிக்கு 8 முதல் 16 முறை வரும், மெதுவான அதிர்வுக்கே அதிக மதிப்பு கொடுக்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். எந்தக் கிரிப்பும் தொட முடியாத பகுதி அதுதான்.

ஸ்பாஞ்ச் உறை

நான்கில் மிக மலிவானதும் உடனே பலன் தெரிவதும் இதுவே. கிரிப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சோப்பு நீர் தடவி ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம், பிடிக்கவில்லை என்றால் உருவிவிடலாம். மேலைநாட்டுத் தொலைதூர ஓட்டுநர்களிடம் கிரிப் பப்பீஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற பொருளும் இந்த வகைதான். மாட்டிய முதல் நாள், இதற்குமேல் எதுவும் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றியது. முதல் 100 கிலோமீட்டர் வரையில் அந்த எண்ணம் சரியாகவே இருந்தது.

அதன்பின் முன்கை வலித்தது. காரணம் தடிமன். சாதாரணக் கிரிப்பின் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். அதன்மேல் உறை ஏறியதும் விட்டம் 40-ஐ நெருங்கிவிடுகிறது. பெரிய கைக்கு இது சுகம். என் தம்பிக்கு உள்ளங்கை அகலம், அவன் இந்த உறையைக் கழற்றவே விடமாட்டேன் என்கிறான். நடுத்தரக் கையோ சிறிய கையோ உள்ளவர் இதைச் சுற்றிப் பிடிக்க விரல்களை விரித்தபடியே இறுக்க வேண்டியிருக்கிறது. அந்த இறுக்கத்தைத் தாங்குவது முன்கைத் தசை. கிளட்ச் லீவரையும் பிரேக் லீவரையும் விரல் எட்டும் தூரமும் சற்றுக் கூடிவிடுகிறது. கிரிப்பைச் சுற்றிப் பிடிக்கும்போது நடுவிரலின் நுனி கட்டைவிரலின் நுனியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாமல் விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தால், அந்தத் தடிமன் உங்களுக்கு ஆகாது.

நம் வானிலையில் ஸ்பாஞ்சுக்கு இன்னொரு குறையும் உண்டு. சென்னையின் வேர்வையை அது குடித்துக்கொள்ளும், ஐப்பசி மழையில் நனைந்தால் பிழிந்தாலும் காயாது, மொட்டை வெயிலில் நிறுத்தப்படும் வண்டியில் மேற்புறம் பொரிந்து உதிரத் தொடங்கும். என்னிடம் இருந்தது ஓராண்டு நிறைவதற்குள் அப்படி ஆகிவிட்டது. இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். பொறுக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது. வலப்பக்க உறையை நான் சற்று நீளமாக விட்டிருந்தேன். அது மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து, ஹேண்டில்பார் முனையில் அசையாமல் இருக்கும் எடைக்கட்டையில் உரசத் தொடங்கியது. பரனூர் சுங்கச்சாவடியை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டேன். அது முழுதாகத் திரும்பவில்லை. கிளட்சைப் பிடித்துச் சமாளித்தேன். உறையை ஒரு சென்டிமீட்டர் கத்தரித்திருந்தால் அது நேர்ந்திருக்காது, ஆகவே தவறு என்னுடையதே. ஆனால் அந்தத் தவறுக்கு எளிதில் இடம் கொடுக்கும் வகை இது என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஜெல் கிரிப்பும் சாதாரண ரப்பரும்

ஜெல் என்ற சொல்லைக் கேட்டு உள்ளே ஏதோ குழம்பு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் புரோகிரிப் போன்ற நிறுவனங்கள் பரவலாக்கிய இந்த வகையில், உள்ளே கெட்டியான ஓர் அடுக்கும் கை படும் இடத்தில் மிக மென்மையான இன்னோர் அடுக்குமாக இருவகை மூலப்பொருள்கள் சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் இரு நிறங்களில் இருப்பதன் காரணம் அதுவே. ஸ்பாஞ்சைப்போல் தடிமனைக் கூட்டாமல் மென்மையைத் தருவது இதன் பலம். கையுறை அணிந்து ஓட்டுபவருக்கு, விலைக்கு ஏற்ற பொருள் என்று தயங்காமல் சொல்வேன்.

வெறுங்கையால் ஓட்டும் நம்மில் பலருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். மென்மையான பொருள் விரைவில் தேயும். வேர்வையும் வெயிலும் சேரும்போது பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பில் புழுதி ஒட்டும். அதைவிட நுட்பமான குறை ஒன்றுண்டு: மிக மென்மையான கிரிப், ஆக்சிலரேட்டரைத் திருப்பும்போது முதலில் தானே சிறிது முறுக்கிக்கொண்டு, அதன் பிறகே உள்ளிருக்கும் ஆக்சிலரேட்டர் குழாயைத் திருப்புகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இந்தத் தளர்ச்சி வண்டியைத் துள்ள வைக்கிறது. அதைத் தவிர்க்க ஓட்டுபவர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்; சுகத்துக்காக வாங்கிய மென்மை அந்த இறுக்கத்தில் செலவாகிவிடுகிறது.

சாதாரண ரப்பர் கிரிப்பைக் கடைக்காரர் கடைசியில்தான் எடுத்துக் காட்டுவார், விலை சில நூறு ரூபாய்தான் என்பதால். ஆனால் இதிலேயே தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. கட்டம் கட்டமாக மேடு எழுப்பிய வகையில் அந்த மேடுகள் தனித்தனியே வளைந்துகொடுப்பதால், ரப்பர் கெட்டியாக இருந்தாலும் கைக்கு மென்மை தெரியும். வேர்வை ஓடிச்செல்ல இடையில் வழியும் இருக்கும். ஊரி என்ற அமெரிக்கக் கிரிப்பின் பெரிய சதுர மேடுகளுக்குப் பின்னுள்ள எண்ணம் இதுதான். மேடுகள் மிகக் கூர்மையாக இருந்தால் வெறுங்கையில் தழும்பு விழும், ஆகவே மேட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய் பட்டால் உப்பி வலுவிழக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு ஹெல்மெட்டை மாட்டி வண்டியை எடுக்கும் நம் வழக்கத்துக்கு எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பொருந்தும். அது கிடைக்காவிட்டால் கையைத் துடைத்துக்கொள்வது செலவில்லாத மாற்று.

லாக்-ஆன் வகையை விரைவாகச் சொல்லிவிடலாம். கெட்டியான பிளாஸ்டிக் குழாயின்மேல் ரப்பரை ஒட்டி, முனையில் வளையத்தால் இறுக்கும் அமைப்பு அது. பசை வேண்டாம், நழுவாது, நொடியில் மாற்றலாம். மண்பாதையில் விழுந்து எழும் ஓட்டுநர்கள் விரும்புவது நியாயம். ஆனால் அந்தக் குழாய்க்கும் இடம் வேண்டும் என்பதால் அதே விட்டத்துக்குள் ரப்பரின் பங்கு மெலிந்துவிடுகிறது. வலப்பக்கத்தில் ஆக்சிலரேட்டர் கேபிளைச் சுற்றும் பகுதியும் சேர்ந்தே வருவதால், அது நம் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று தனியே பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைச் சுகத்தை மட்டும் தேடுபவர் இதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

எதை எடுப்பது?

வெறுங்கையால் ஓட்டும் நடுத்தரக் கைக்கு, அகலமான மேடுகள் கொண்ட நடுத்தரக் கெட்டி ரப்பர் என்பதே என் தேர்வு. கையுறை அணிபவர் ஜெல்லை எடுக்கலாம். பெரிய கை உள்ளவர், நெடும்பயணம் கிளம்பும்போது மட்டும் ஸ்பாஞ்ச் உறையை ஏற்றிக்கொண்டு, ஊர் திரும்பியதும் கழற்றிவிடலாம். எதை எடுத்தாலும் ஹேண்டில்பார் முனையிலுள்ள எடைக்கட்டையை மறக்கக் கூடாது. முனையில் எடை கூடினால் ஹேண்டில்பாரின் வீச்சு குறைகிறது. ரப்பர் தொட முடியாத கனத்த அதிர்வில் இது கைவைக்கிறது. அழகுக்காக இரும்புக் கட்டையை நீக்கிவிட்டு வண்ண அலுமினியக் கட்டையை மாட்டுபவர்கள், அதே பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு கிரிப்பைக் குறை சொல்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய அளவுகள் இரண்டு. நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர். பெரிய ஹார்லிகளில் ஒரு அங்குலம், அதாவது 25.4. வலப்பக்கத்தில் கிரிப் உட்காருவது ஆக்சிலரேட்டர் குழாயின்மேல் என்பதால், அந்தக் கிரிப்பின் உள்விட்டம் இடப்பக்கத்தைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் அதிகம். ஒரே அளவில் இரண்டு இருக்கும் பொட்டலத்தை வாங்கிவந்தால் ஒன்று வீண். முனை மூடிய கிரிப் எடைக்கட்டை உள்ள வண்டிக்குப் பொருந்தாது. வட்டமாக வெட்டியெடுக்க வேண்டிவரும்.

மாட்டுவதற்கு மிக எளிய வழி பஞ்சர் கடையின் காற்றுக்குழாய். பழைய கிரிப்பின் விளிம்பில் காற்றைச் செலுத்தினால் அது மிதந்து கழன்றுவிடும். புதியதையும் அப்படியே ஏற்றலாம். கிரீஸோ எண்ணெயோ தடவி ஏற்றினால் காலத்துக்கும் நழுவிக்கொண்டே இருக்கும். இடப்பக்கத்துக்கு ரப்பர் ஒட்டும் பசை தடவி ஓர் இரவு காய விடுவது நல்லது. வலப்பக்கக் கிரிப்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவிலும், எடைக்கட்டைக்கு முன்னாலும் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு, எஞ்சினை நிறுத்திய நிலையில் ஹேண்டில்பாரை இடப்பக்கக் கோடிக்கும் வலப்பக்கக் கோடிக்கும் திருப்பி, ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கி விட்டுப் பாருங்கள். இரண்டு கோடிகளிலும் அது டக்கென்று தானே திரும்பி வந்த பிறகே சாவியைப் போடலாம்.