மலிவு டேப்லெட்: கடையில் ஒரு விலை, மூன்றாம் ஆண்டில் ஒரு விலை

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ8 இந்தியாவுக்கு 2022 ஜனவரியில் வந்தது. வைஃபை மாடலின் அறிமுக விலை 17,999 ரூபாய். அதற்கு 3 ஜி.பி. ரேம், 32 ஜி.பி. சேமிப்பு. இன்னும் 2,000 போட்டால் 4 ஜி.பி., 64 ஜி.பி. வீட்டுப்பாடத்துக்கும் யூடியூபுக்கும் எதற்கு 64 என்று முதலாவதை எடுப்பவர்கள் உண்டு. கடையில் அது நியாயமாகத்தான் தெரியும். இரண்டு வருடம் ஓட்டிய பிறகு கணக்கு வேறு மாதிரி வரும்.

விலையை வருடத்தால் வகுத்துப் பார்த்தால்தான் டேப்லெட்டின் உண்மையான மதிப்பு தெரியும். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வருகிறதோ அதை ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். 2019 முதல் வந்த கேலக்ஸி கருவிகளுக்குக் குறைந்தது நான்கு வருடம் தருவதாக சாம்சங் 2021இல் அறிவித்தது. ஏ8இன் 17,999ஐ நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 4,500. ரெட்மி பேட் 2022 அக்டோபரில் 14,999க்கு வந்தது (3 ஜி.பி., 64 ஜி.பி.). அதற்குச் சொன்னது மூன்று வருடப் பாதுகாப்பு அப்டேட். ஆக வருடத்துக்கு 5,000. மூவாயிரம் குறைவான கருவி வருடக் கணக்கில் 500 கூடுதல். ஐபேட் 9ஆம் தலைமுறை 2021இல் 30,900க்கு வந்தது. 2025இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 26 அதிலும் ஓடுகிறது. ஐந்து வருடம் என்றே வைத்தாலும் 6,180 ஆகிறது. கடையில் இரட்டிப்பு விலையாகத் தெரிந்தது, ஓட்டும்போது மாதத்துக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் வித்தியாசமாகச் சுருங்கிவிடுகிறது. நான்கு வருடம் கழித்து விற்றால் எதற்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் குறையும்.

ஆனால் இந்த வகுத்தலில் ஒரு ஓட்டை இருக்கிறது. அப்டேட் நான்கு வருடம் வந்தாலும், 32 ஜி.பி. அத்தனை நாள் தாங்குமா?

இடம் தீர்ந்தால் கருவியும் தீர்ந்தது

32 ஜி.பி.யில் ஏறக்குறையப் பாதியை ஆண்ட்ராய்டும் நிறுவனத்தின் சொந்தச் செயலிகளும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 15, 16 ஜி.பி. குரோம், யூடியூப், வாட்ஸ்அப், ஒரு பாடச் செயலி, பிள்ளைகளின் இரண்டு விளையாட்டு என்று போட்டாலே முதல் வருட முடிவில் "இடம் குறைவு" என்ற எச்சரிக்கை வந்துவிடும். பெரிய ஆண்ட்ராய்டு அப்டேட் இறங்கவே சில ஜி.பி. காலியாக வேண்டும். இடமில்லை என்று அதைத் தள்ளிப்போட ஆரம்பித்தால், காசு கொடுத்து வாங்கிய நான்கு வருட வாக்குறுதியே வீண்.

இடம் நிறைந்ததும் வேகமும் போவதற்குக் காரணம் உண்டு. டேப்பின் சேமிப்பான ஃபிளாஷ் மெமரியில் பழைய தகவலின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் இருக்கும்வரை இந்த வேலை பின்னால் சத்தமில்லாமல் நடக்கும். காலி இடம் மிகவும் குறைந்துபோனால், எழுதும்போது அழிக்கும் வேலை முடிவதற்காகத் திரை அடிக்கடி காத்து நிற்கும். இதற்கு மேல், மலிவு டேப்களில் பெரும்பாலும் இருப்பது இ.எம்.எம்.சி. வகைச் சேமிப்பு. அது ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யு.எஃப்.எஸ். வகை இரண்டையும் ஒன்றாகச் செய்யும். பின்னால் பிளே ஸ்டோர் ஏதோ அப்டேட் செய்துகொண்டிருக்க, முன்னால் பி.டி.எஃப். திறக்காமல் முழிப்பது இதனால்தான். இந்த ஒரு விஷயத்தில் ரெட்மி பேட் அதன் விலைக்கு மேலே நிற்கிறது: யு.எஃப்.எஸ். 2.2 கொடுத்தார்கள். விளம்பரத்தில் பிராசஸரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்; சேமிப்பின் வகை பொடி எழுத்தில்கூட இருக்காது. தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெமரி கார்டு போட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். படம், பாட்டு, பி.டி.எஃப்., இறக்கி வைத்த வீடியோ எல்லாம் கார்டுக்குப் போகும். செயலிகளில் பெரும்பாலானவை போகாது. கார்டு வாங்கினால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் செயலி ஒன்றை முதல் நாளே ஓட்டிவிடுங்கள். 128 என்று அச்சிட்ட போலிக் கார்டு, உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் பழைய ஃபைல்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும். ஐபேடில் கார்டுக்கு இடமே கிடையாது என்பதையும் கணக்கில் வைக்கவும்.

அடுத்தது "4+4 ஜி.பி. ரேம்" என்ற வியாபாரம். கூட்டிச் சொல்லும் அந்த 4, சேமிப்பிலிருந்து வெட்டி எடுத்தது. மெதுவான இ.எம்.எம்.சி.யை ரேமாகப் பாவித்தால் வேகம் கூடாது, இடம்தான் குறையும். 32 ஜி.பி. கருவியில் இதை அணைத்துவிடுவதே நல்லது. சாம்சங்கில் பேட்டரி மற்றும் சாதனப் பராமரிப்பு, பிறகு மெமரி, அதற்குள் ரேம் பிளஸ். அணைத்தபின் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இரண்டாம் வருடத்தில் இழுக்க ஆரம்பித்த டேப்பை மீட்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 20 சதவீதம் இடம் காலி செய்து, ரீஸ்டார்ட் செய்து, ஒரு நாள் பாருங்கள். மாற்றமில்லை என்றால் கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட். ரீசெட் முடிந்ததும் "பழைய செயலிகளை மீட்கவா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, தேவையானதைக் கையால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லாவற்றையும் மீட்டால் பழைய குப்பையும் கூடவே வரும். ரீசெட்டுக்குப் பிறகும் வெற்றுக் கருவியே திணறினால் அது வன்பொருளின் எல்லை. அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

இப்போது அந்த 2,000 ரூபாய்க்குத் திரும்பலாம். 32 ஜி.பி. மாடல் இரண்டரை வருடத்தில் பெட்டிக்குள் போனால் வருடச் செலவு 7,200. 19,999 கொடுத்த 64 ஜி.பி. மாடல் நான்கு வருடம் ஓடினால் 5,000. இன்று வாங்குபவருக்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. என்பதே தரை, 128 கிடைத்தால் அதையே எடுக்கலாம். 2024 ஏப்ரலில் ரெட்மி பேட் எஸ்.இ. 12,999க்கே 4 ஜி.பி., 128 ஜி.பி. கொடுத்தது என்பதால், 32 ஜி.பி. டேப்பை எவ்வளவு தள்ளுபடி போட்டு நீட்டினாலும் கை நீட்டத் தேவையில்லை.

எந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறீர்கள்?

திரை அளவை அங்குலத்தில் யோசிக்காமல் தாளில் யோசித்துப் பாருங்கள். கேலக்ஸி டேப் ஏ9 (8.7 அங்குலம்) நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 113 மி.மீ. ஏ4 தாளின் அகலம் 210. ஆக ஒரு ஏ4 வினாத்தாள் அதில் 54 சதவீதமாகச் சுருங்கும்; 10 புள்ளி எழுத்து ஐந்தரைப் புள்ளியாகிவிடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் பெரிதாக்கி, இழுத்து, மறுபடி இழுத்து... ஒரு மாதத்தில் டேப் யூடியூப் பெட்டியாகிவிடும். ஏ9 பிளஸ், ரெட்மி பேட் எஸ்.இ. போன்ற 11 அங்குலத் திரையின் அகலம் 148 மி.மீ.; ஏ4 சுமார் 70 சதவீதத்தில் தெரியும். இதில் ஒரு வேடிக்கை: 10.2 அங்குல ஐபேட் இன்னும் அகலம், 155 மி.மீ. ஆனால் உயரம் குறைவு என்பதால் முழுப் பக்கமாகப் பார்க்கும்போது அதிலும் அதே 70தான்.

தமிழ்ப் புத்தகம் படிப்பவர்களுக்கு 11 அங்குலம் வேறு விதத்திலும் பொருந்துகிறது. டெம்மி 1/8 என்னும் புத்தக அளவில் பக்கம் சுமார் 140க்கு 216 மி.மீ.; 11 அங்குலத் திரையோ 148க்கு 237. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள ஸ்கேன் பிரதிகளில் இந்த அளவுப் புத்தகங்கள் அச்சில் இருந்த அதே அளவில் தெரியும்.

பிக்சலும் இங்கே முக்கியம். 10.1 அங்குலத்தில் 1280க்கு 800 என்றால் அங்குலத்துக்கு 149 பிக்சல். ஆங்கிலத்துக்கு அது ஓடும். நம் எழுத்தில் ண, ன வேறுபடுவது ஒரு சுழியால். புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு பிக்சல் விவகாரம். ஸ்கேன் செய்த பழைய பக்கத்தில் 149 போதாது. ஏ9 பிளஸின் 206 நன்றாக இருக்கும். ரெட்மி பேடும் ஐபேடும் அதற்கும் மேலே.

எடையை மறந்துவிடாதீர்கள். ஏ9 332 கிராம், ஏ9 பிளஸ் 480. தடித்த ரப்பர் உறையும் சேர்ந்தால் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையில் பிடித்துப் படிக்கிற வேலை நடக்காது, ஸ்டாண்டு வேண்டும்.

சார்ஜர், ஓட்டை, உப்பல்

மூன்றாம் வருடத்தில் சர்வீஸ் கடைக்கு வரும் டேப்களில் வழக்கமான புகார் சார்ஜ் ஓட்டை தளர்ந்தது. பெரிய பேட்டரி, சின்ன சார்ஜர் என்ற சேர்க்கைதான் இதன் வேர். ஏ8இல் 7,040 எம்.ஏ.எச்., அதாவது சுமார் 27 வாட் மணி. கருவி 15 வாட் ஏற்கும். பெட்டியில் வந்த சார்ஜர் 7.8 வாட். இழப்பையும் கடைசி 20 சதவீதம் மெதுவாக ஏறுவதையும் சேர்த்தால் முழுதாக ஏற நான்கு மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரம் எந்தக் குழந்தை காத்திருக்கும்? வயரைச் செருகியபடியே மடியில் வைத்து விளையாடும். வயர் வளைகிற ஒவ்வொரு முறையும் ஓட்டையின் உள்நாக்கில் அழுத்தம் விழும். வாங்கும்போதே கருவி ஏற்கும் முழு வாட்டுக்கு நல்ல சார்ஜர் ஒன்றும், தலைப்பகுதி எல் வடிவில் மடங்கிய வயர் ஒன்றும் சேர்த்து வாங்குவது பிறகு போர்டைப் பிரிப்பதைவிட மலிவு. சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே ஓட்டையை மாற்றவும் வேண்டாம். டேப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் உள்ளே பாருங்கள். அமுங்கிய பஞ்சுத் தூசியே காரணமாக இருப்பது சாதாரணம்.

சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தானாகத் தட்டிக்கொண்டால், எழுத்துகள் தாறுமாறாக விழுந்தால், டச் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தரமற்ற சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சலைத் திரை விரல் என்று எண்ணிக்கொள்கிறது. சார்ஜரை மாற்றினால் போய்விடும்.

கடையில் பில் போடவும் கேமரா பார்க்கவும் 24 மணி நேரமும் செருகியே வைக்கும் டேப்களில் பேட்டரி உப்புவது தெரிந்த விஷயம். அமைப்பில் 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சுவரில் டைமர் பிளக். திரையின் ஓரம் தூக்கினாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்த வேண்டும். அழுத்தி உட்கார வைக்கவே கூடாது.

திரை உடைந்தால் ஆகும் செலவை முன்பே ஊகிக்கலாம். அணைந்த திரையைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்கும் கீழே உள்ள டிஸ்ப்ளேவுக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால் மேல் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். ஒட்டிய திரை என்றால் கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் சேர்ந்த காம்போவாகத்தான் மாற்ற வேண்டும். மூன்று வயதுக் கருவிக்கு அது பெரும்பாலும் கட்டாது.

சிம் மாடல் வேண்டுமா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. 2023இல் அறிமுகமானபோது ஏ9 வைஃபை 12,999, சிம் போடும் எல்.டி.இ. 15,999. கையில் போன் இருந்து ஹாட்ஸ்பாட் தர முடியும் என்றால் 3,000 மிச்சம். விதிவிலக்கு யு.பி.ஐ.: கணக்கைப் பதிவு செய்யக் கருவியிலிருந்தே எஸ்.எம்.எஸ். போக வேண்டும் என்பதால் வைஃபை டேப்பில் அது நடக்காது. வாட்ஸ்அப்பை போனோடு இணைந்த இரண்டாம் கருவியாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆறாயிரம், ஏழாயிரத்துக்கு வரும் பெயர் தெரியாத டேப்களைப் பற்றி ஒரு பத்தி போதும். 2011 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட் நினைவிருக்கலாம்: 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. ரேம், விரலால் அழுத்தினால்தான் கேட்கும் ரெசிஸ்டிவ் திரை. விலை மலிவு, ஆனால் செய்யவேண்டிய வேலையைச் செய்யாது. இன்றைய பெயரில்லா டேப்களின் திரை பரவாயில்லை. பித்தலாட்டம் உள்ளே இருக்கிறது. ஆண்ட்ராய்டு பதிப்பு, ரேம், சேமிப்பு மூன்றும் அமைப்புப் பக்கத்தில் போலியாகக் காட்டப்படலாம். அப்டேட் என்ற பேச்சே கிடையாது.

விற்பனை நாள்களில் அடித்துப் போட்ட எம்.ஆர்.பி.யைப் பார்த்துத் தள்ளுபடியை அளக்காதீர்கள். பெரும்பாலான கருவிகள் எம்.ஆர்.பி.க்கு விற்பதில்லை. விலை வரலாறு காட்டும் தளத்தில் கடந்த ஆறு மாதக் குறைந்த விலையைப் பாருங்கள். கார்டு தள்ளுபடியும் எக்ஸ்சேஞ்சும் கழித்த விலையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கார்டு உங்களிடம் இல்லையென்றால் அந்த விலையும் இல்லை. அறிமுகமாகி இரண்டு வருடமான மாடல் பாதி விலைக்கு வந்தால் அப்டேட் வருடங்களில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன என்று கழித்துக்கொண்டு வகுங்கள்.

பெட்டி வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியவை சில. சி.பி.யு.-இசட் செயலியைப் போட்டு பிராசஸரையும் ரேமையும் சரிபார்க்கவும். டி.ஆர்.எம். இன்ஃபோ செயலியில் வைட்வைன் (கட்டண வீடியோவுக்கான நகல் தடுப்பு முறை) எல்1 என்று வர வேண்டும். எல்3 என்றால் நெட்ஃபிளிக்ஸ் 480க்கு மேல் ஓடாது, திரை எத்தனை பிக்சல் இருந்தாலும். முழு வெள்ளைப் படத்தை இருட்டறையில் போட்டு மஞ்சள் திட்டு இருக்கிறதா என்றும், முழுக் கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள். டெவலப்பர் அமைப்பில் தொடுபுள்ளிக் கோட்டைக் காட்டும் வசதியைப் போட்டு, விரலால் திரை முழுக்கக் கோலம் போடுவது போல இழுத்தால் செத்த இடம் இருந்தால் கோடு அறுந்து காட்டும். வயரைச் செருகி மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சார்ஜ் குறி அணைந்து அணைந்து எரிந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடலாம்.