சிறுவருக்குப் புகையிலை விற்பனை: அபராதமா, லைசென்ஸா, சிறுவர் மீதே வழக்கா?

சிறுவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டம் பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது. 2005இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 16வது பிரிவே இதற்கானதுதான். ஆக, சட்டம் வேண்டுமா என்ற பேச்சு முடிந்துவிட்டது. அதை எப்படி அமல்படுத்துவது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

நான் இருந்த பெற்றோர் குழுவிடம் உள்ளாட்சியில் இதே கேள்வியைக் கேட்டார்கள். மூன்று வழிகள் சொன்னார்கள். பிடிபட்ட கடைக்கு அபராதம் போடுவது ஒன்று. புகையிலை விற்க லைசென்ஸ் கட்டாயம் என்று வைத்து, தவறினால் அதை நிறுத்திவைப்பது இன்னொன்று. மூன்றாவது, கையில் சிகரெட்டோடு பிடிபடும் சிறுவருக்கே அபராதம். நாங்கள் லைசென்ஸுக்குக் கை தூக்கினோம். நான் இன்றும் அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வழியை நீட்டி முழக்க வேண்டியதில்லை. விற்றுச் சம்பாதிக்கும் பெரியவரை விட்டுவிட்டு, பழக்கத்தில் விழுந்த பிள்ளையைப் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. பிடிபட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் மறைவாக வாங்கும், அவ்வளவுதான்.

அபராதம் சுலபமான வழி என்று தோன்றும். ரசீதுப் புத்தகம் இருந்தால் போதும். ஆனால் தொகையை எங்கே வைப்பது? இந்தியாவின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி சிறுவருக்கு விற்றால் 200 ரூபாய் வரை அபராதம். அதே நாட்டின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், 77வது பிரிவில், 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. முன்னது கடைக்காரருக்கு உறைக்காது. பின்னதைக் கையில் எடுக்க அதிகாரிக்கே மனம் வராது. தினக்கூலிக்கு நிற்கும் ஒரு கடைப்பையனை ஒரு பாக்கெட்டுக்காகச் சிறைக்கு அனுப்ப யார்தான் துணிவார்கள்? இரண்டுக்கும் நடுவில், வலிக்கவும் வேண்டும், தயங்காமல் போடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். லைசென்ஸை நிறுத்திவைப்பது அப்படிப்பட்ட தண்டனை. சிங்கப்பூரில் முதல் தவறுக்கே 6 மாதம் லைசென்ஸ் நிறுத்தம், மறுபடி சிக்கினால் ரத்து. அமெரிக்காவில் 36 மாதத்தில் 5 முறை திரும்பத் திரும்பத் தவறு செய்த கடைக்குப் புகையிலை விற்கவே தடை போட மத்திய அமைப்புக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் தண்டனையின் கடுமைக்காக மட்டும் நாங்கள் லைசென்ஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் என்ன நடக்கும் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது.

எந்தச் சட்டமும் முதல் ஆறு மாதம் ஜோராக நடக்கும். அப்புறம் சோதனைக்கு, அதாவது ஒரு சிறுவரைக் கடைக்கு அனுப்பி விற்கிறார்களா என்று பார்ப்பதற்கு, போக வண்டி இருக்காது, ஆள் இருக்காது, வேறு அவசரம் வந்துவிடும். கடைக்காரர்கள் இதை நம்மைவிட முன்பே கண்டுகொள்வார்கள். சோதனை நின்றுபோன ஊரில் அபராதத் தொகை எவ்வளவு என்பதற்கு அர்த்தமே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 300 கடைகள், கடைக்கு ஆண்டுக்கு இரண்டு சோதனை என்றால் 600 முறை போக வேண்டும். நான் பார்வையாளராகக் கூடப் போன அன்று ஒரு மாலையில் எட்டுக் கடைதான் முடிந்தது. அந்த வேகத்தில் 75 மாலைகள். தவறிய கடைக்கு மறுபடி போவது இதில் சேர்த்தியில்லை. இந்தச் செலவை வருடா வருடம் யார் தருவது? அபராதப் பணத்தை நம்பினால், கடைகள் ஒழுங்காக நடக்க நடக்க வரவு குறையும். வரவு குறைந்தால் சோதனையும் குறையும். லைசென்ஸ் கட்டணம் அப்படியில்லை. கடை ஒழுங்காக நடந்தாலும் வரும். கூடவே எந்தெந்தக் கடையில் விற்கிறார்கள் என்ற முழுப் பட்டியலும் கைக்கு வந்துவிடும். பட்டியல் இல்லாமல் கிளம்பினால் கண்ணில் படும் பெரிய கடைகளுக்கே திரும்பத் திரும்பப் போவோம்.

அந்த மாலை இன்னும் நினைவிருக்கிறது. சோதனைக்கு வந்த பையனுக்கு வயது 16. வயதைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது, கேட்டால் தன்னுடைய உண்மையான அட்டையையே காட்ட வேண்டும் என்பது விதி. ஐந்தாவது கடையில் விற்பனையாளர் அட்டையைக் கேட்டார். வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். பிறந்த வருடத்தைப் பார்த்தார், உதடு அசைந்தது, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார், கூடவே பாக்கெட்டையும் கொடுத்துவிட்டார். பின்னால் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவசரத்தில் கழித்தல் தப்பிவிட்டது. அவருக்கு அபராதம் போட்டால் அவர் பாடு திண்டாட்டம், கடை அப்படியேதான் இருக்கும். லைசென்ஸ் போகும் என்றதும் உரிமையாளரே இறங்கி வந்தார். ‘இந்தத் தேதிக்கு முன் பிறந்தவருக்கு மட்டும்’ என்று கல்லாவில் தினமும் தேதி மாற்றி வைக்கும் அட்டை ஒன்று வந்தது. அடுத்த சோதனையில் அந்தக் கடை தேறியது.

லைசென்ஸ் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் வுட்ரிட்ஜ் ஊரில் 1989இல் லைசென்ஸும் தொடர் சோதனையும் வந்த பிறகு, சிறுவருக்கு விற்கும் கடைகள் சுமார் 70 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கின. ஆனால் அங்கே சிறுவருக்கும் அபராதம் இருந்தது; நான் தள்ளிவைத்த வழிக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1997இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. சோதனை நடந்த ஊர்களில் 82 சதவீத முயற்சிகளில் கடைகள் விற்க மறுத்தன. அப்படியும் சிகரெட் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்று பிள்ளைகள் பெரிதாகச் சொல்லவில்லை. ஊரில் நாலு கடை விற்றால் போதும், எல்லாரும் அங்கேதான் போவார்கள். பெரிய அண்ணன்மார் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. அதனால்தான் பாதி வேலையோடு நிற்கிற முறை எதுவும் பிரயோஜனப்படாது என்று நினைக்கிறேன்.

இணையத்தில் விற்பது பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு. பார்சல் கொண்டுவருபவர் வாசலில் வயதைப் பார்க்க வேண்டும் என்று வைப்பது சரி என்று படுகிறது, அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

கடைசியில் நாங்கள் எழுதிக் கொடுத்தது மூன்று வரி. லைசென்ஸ் கட்டணம் தனிக் கணக்கில் சேர வேண்டும், சோதனையைத் தவிர வேறு எதற்கும் அதிலிருந்து எடுக்கக் கூடாது. தவறிய கடைக்கு மூன்று மாதத்துக்குள் மறுசோதனை. கடைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை என்ற எண்ணிக்கை விதியிலேயே இருக்க வேண்டும். முதல் இரண்டையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதற்கு மட்டும் நான்கு கூட்டம் உட்கார வேண்டியிருந்தது.