லிங்க்ட்இன் புரொஃபைல் எழுதித் தருகிறோம் என்று பாஸ்வேர்டு கேட்பவர்கள்: கவனம்

முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, "இனி ரெக்ரூட்டர்களே (நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவர்கள்) உங்களைத் தேடி வருவார்கள்" என்று வாக்குக் கொடுத்தது, வேலை தேடுபவர்கள் தங்கள் அனுபவத்தைப் போட்டு வைக்கும் லிங்க்ட்இன் தளத்துக்குப் புரொஃபைல் எழுதித் தரும் ஒரு சேவை. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது செய்து கொடுத்ததைத்தான் இங்கே பிரித்துப் போட்டிருக்கிறது. இதே ஆட்டத்தை ஆடுபவர்கள் ஏராளம் என்பதால் பெயர் முக்கியமில்லை, முறைதான் முக்கியம்.

கோளாறு முதல் நாளே தெரிந்தது. பழைய ரெஸ்யூமேயையும் பாஸ்வேர்டையும் கேட்டார்கள். வேறு ஒரு கேள்வியும் இல்லை. அடுத்து எந்தப் பதவிக்கு முயற்சி செய்கிறீர்கள், மாதக் கணக்கை முடிக்க முன்பு எத்தனை நாள் பிடித்தது, இப்போது எத்தனை நாள், எந்த மென்பொருளில் கை பழகியிருக்கிறது என்று எதையும் விசாரிக்கவில்லை. ரெஸ்யூமேயில் இல்லாத சரக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. கேட்காதவர் அதை எங்கிருந்து எடுப்பார்?

புரொஃபைலில் பெயருக்குக் கீழே வரும் வரிதான் ஹெட்லைன். வந்த ஹெட்லைனைத் தமிழில் சொன்னால், 'சாதிக்கத் துடிக்கும் ஆற்றல்மிக்க நிபுணர்'. ஹெட்லைனுக்கு 220 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. ரெக்ரூட்டர் தேடுவது பதவிப் பெயர், திறன், ஊர்; 'ஆற்றல்மிக்க' என்று தட்டித் தேடுபவர் யாருமில்லை. போதாக்குறைக்கு, ஆங்கில எழுத்துகள் தடிமனாகத் தெரிய வேண்டும் என்று யூனிகோடில் கணிதத்துக்கென வைத்திருக்கும் குறிகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்குத்தான் அது எழுத்து. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதில் தடுமாறும், தேடலில் சிக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. 'சீனியர் அக்கவுண்டன்ட் | மாதக் கணக்கு முடிப்பு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு | எஸ்ஏபி, எக்செல்' என்று சாதாரண எழுத்தில் போட்டிருந்தாலே வேலை முடிந்தது.

தன்னைப் பற்றி எழுதும் 'அபவுட்' பகுதிக்கு 2,600 எழுத்துக்குறிகள். ஆனால் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும். மிச்சத்தை 'சீ மோர்' அழுத்தினால்தான் படிக்கலாம். அந்த விலைமதிப்பான வரிகளில் 'பேரார்வம்' பற்றி ஒரு பிரசங்கம். அதில் ஒரு வாக்கியத்தை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுக் கூகுளில் தேடினால், அச்சு மாறாமல் இன்னும் பலருடைய புரொஃபைலில் வருகிறது. எழுதி வாங்கிய எதையும் பணம் கொடுக்குமுன் இப்படி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இதெல்லாம் வெறும் மட்டமான வேலை. அனுபவப் பகுதியில் செய்தது ஆபத்தான வேலை. 'அசிஸ்டன்ட்' பதவி 'மேனேஜர்' ஆகியிருந்தது. இரண்டு வேலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை மூட, முந்தைய வேலையின் கடைசித் தேதியைத் தள்ளி வைத்திருந்தார்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பு செய்தால் முதலில் ஒப்பிடுவது பதவியையும் தேதிகளையும்தான். ரெஸ்யூமேயில் ஒன்று, புரொஃபைலில் இன்னொன்று என்று நின்றால், பொய் சொன்னவர் என்ற பெயர் வேலை தேடுபவருக்குத்தான், எழுதியவருக்கு அல்ல.

அடுத்தது கனெக்‌ஷன். தளத்தில் நம்மோடு இணைந்திருப்பவர்கள் எவ்வளவு கூடினாலும் எண்ணிக்கை '500+' என்றுதான் தெரியும் என்பதால் அதைத் தாண்டக் குறிவைத்து, தானியங்கி மென்பொருளை ஏவி, துறைக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்கு அழைப்பாக அனுப்பித் தள்ளினார்கள். கணக்கை இன்னொருவரோடு பகிர்வதும் தானியங்கிக் கருவிகளைப் பயன்படுத்துவதும் லிங்க்ட்இன் பயனர் ஒப்பந்தம் தடுத்திருப்பவை. லிங்க்ட்இன் கணக்கை முடக்கி, அடையாள ஆவணம் கேட்டது. அதற்குள் சேவைக்காரர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

பேக்கேஜில் 'திறன் பேட்ஜ்' என்றும் ஒரு வரி. அந்த பேட்ஜைத் தந்த திறன் தேர்வுகளை லிங்க்ட்இன் 2023-லேயே நிறுத்திவிட்டது; இல்லாத சரக்குக்கு விலை! சரிபார்க்கப்பட்டவர் என்ற அடையாளக் குறியை லிங்க்ட்இன் காசு வாங்காமலே தருகிறது. எஸ்எஸ்ஐ (சோஷியல் செல்லிங் இண்டெக்ஸ்) என்ற லிங்க்ட்இன் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அது விற்பனைப் பிரிவினருக்காக உருவான அளவுகோல். பரிந்துரைகள் மூன்று வந்திருந்தன, மூன்றும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து. இவர் கணக்கிலிருந்தும் அவர்களுக்குப் பரிந்துரை போயிருந்தது. 'கிவன்' தாவலைத் திறப்பவருக்கு இந்தப் பண்டமாற்று பளிச்சென்று தெரியும்.

பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மீட்பதில் வரிசை முக்கியம். செட்டிங்ஸில் 'சைன் இன் அண்ட் செக்யூரிட்டி' போய், முதலில் இமெயில் முகவரிகளையும் போன் எண்களையும் பாருங்கள். உங்களுடையது அல்லாததை நீக்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால், அவர்கள் சேர்த்து வைத்த இமெயில் வழியாகவே மறுபடி நுழைந்துவிடுவார்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றும்போது, எல்லாக் கருவிகளும் புதிய பாஸ்வேர்டோடு உள்ளே வர வேண்டும் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். எங்கெல்லாம் உள்நுழைந்திருக்கிறது என்ற பட்டியலில் தெரியாததை எல்லாம் வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். டேட்டா பிரைவசி பகுதியில் அனுமதி பெற்ற வெளிச் சேவைகளையும், பிரவுசரில் அவர்கள் போடச் சொன்ன எக்ஸ்டென்ஷனையும் நீக்க மறக்க வேண்டாம்.

அடுத்து, அதே டேட்டா பிரைவசி பகுதியில் உங்கள் தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கனெக்‌ஷன், அழைப்பு, மெசேஜ் எல்லாம் கோப்பாக வரும். உங்கள் பெயரில் யாருக்கு என்ன போனது என்பது அதில்தான் தெரியும். பணத்தைத் திரும்பக் கேட்கவும் இதுவே ஆதாரம். பதிலில்லாமல் கிடக்கும் அழைப்புகளைத் திரும்பப் பெறும்போது கொஞ்சம் நிதானம்: திரும்பப் பெற்ற பின் அதே நபருக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. வேண்டாத கனெக்‌ஷனை நீக்கினால் அவருக்கு அறிவிப்பு போகாது. ஆனால் கைதவறி உண்மையான சக ஊழியரை நீக்கிவிட்டால் அவர் கொடுத்த பரிந்துரையும் எண்டார்ஸ்மென்டும் (உங்கள் திறனுக்கு அவர் தந்த ஒப்புதல்) சேர்ந்து போய்விடும். மறுபடி இணைந்தாலும் திரும்ப வராது.

நல்ல எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நீளமாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், வரைவைத் தனிக் கோப்பில் தருவார்கள், ஒட்டுவது உங்கள் வேலை. வேலை கிடைக்கும் என்று உத்தரவாதம் சொல்ல மாட்டார்கள். ஒட்ட ஆரம்பிக்கும் முன், மாற்றங்களை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓபன் டு வொர்க்' போடுவதாக இருந்தால் 'ரெக்ரூட்டர்கள் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் நிறுவனத்து ரெக்ரூட்டர்களிடமிருந்து அது மறைக்க முயலும், ஆனால் முழுதாக மறையும் என்று லிங்க்ட்இன்னே உறுதி சொல்வதில்லை.