கல்வியியற் கல்லூரியா, கம்பஸா? ஆசிரியராக விரும்பும் வன்னிப் பிள்ளைக்கு ஒரு செலவு வரவுக் கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும். பிள்ளைக்கு ஆசிரியராக விருப்பம். இசட் புள்ளி (அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய உயர்தரப் புள்ளி) கல்வியியற் கல்லூரிக்கும் காணும், பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கும் காணும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய முடியாது. "கம்பஸ் கிடைச்சா கம்பஸ்தான்" என்று சொந்தக்காரர் எல்லாரும் சொல்வார்கள். கலைப்பிரிவில் படித்து, கடன் வாங்கித்தான் பிள்ளையை அனுப்ப முடியும் என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு நான் கல்வியியற் கல்லூரியைத்தான் சொல்வேன்.

முதலில் செலவு. படிப்புக்கட்டணம் இரண்டிலும் இல்லை. வவுனியா பூந்தோட்டத்திலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியிலோ கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் மூன்று வருடப் படிப்பு. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. மாதக் கொடுப்பனவு உண்டு. அதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடும் என்றாலும் வீட்டிலிருந்து அனுப்ப வேண்டிய காசு குறைவு. யாழ் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு எல்லா வருடமும் விடுதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ போடிங், சாப்பாடு, போட்டோகொப்பி, முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகப் போய்வரும் பஸ் காசு என்று மாதாமாதம் கை நீட்ட வேண்டிவரும். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் மாதத்துக்கு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கப்பட்டது, உதவிப் பணம் 4,000 இலிருந்து 6,500 ஆனது. உதவிதான், ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு மாதத்தை அது கொண்டுசெல்லாது. மிச்சத்துக்குக் காலபோக நெல்லும், சில வீடுகளில் அம்மாவின் அடைவு வைத்த சங்கிலியும்தான்.

ஆனாலும் இந்தக் கணக்கில் பாரமான செலவு போடிங் காசு இல்லை. சம்பளம் வராமல் கழியும் வருடங்கள்தான் அதைவிடப் பெரிய செலவு. இதைப் பெற்றோர் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

கல்வியியற் கல்லூரி டிப்ளோமா முடித்தவரை அரசே இலங்கை ஆசிரியர் சேவைக்குள் எடுக்கிறது. கல்லூரி அனுமதி தாமதமாகலாம், நியமனமும் சில மாதம் இழுபடலாம். ஆனால் படிப்பின் முடிவில் நியமனம் இருக்கிறது. கலைமாணிப் (பி.ஏ.) பட்டதாரிக்கு அந்த உறுதி இல்லை. மாகாணம் வெற்றிடம் அறிவித்து, போட்டிப் பரீட்சை வைத்து, நேர்முகம் நடத்தும்வரை காத்திருக்க வேண்டும். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் தெருவோரம் பந்தல் போட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2020இல் ஐம்பதாயிரம் அளவிலான பட்டதாரிகளை அரசு பயிலுநராக எடுத்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாதான்.

இனிச் சம்பளம். பட்டதாரி ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் டிப்ளோமா ஆசிரியரின் சம்பளத்தை விட உயர்ந்தது, உண்மை. அந்த வித்தியாசம் இழந்த வருடங்களை ஈடுசெய்யுமா? எடுத்துக்காட்டுக்காக வட்டமான தொகைகளை வைத்துப் பார்ப்போம். பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருப்பதால் கல்லூரிப் பிள்ளை மூன்று வருடம் முந்தி வேலைக்குப் போகிறாள், கையில் மாதம் 60,000 ரூபா என்று வைத்தால் 36 மாதத்தில் 21 இலட்சத்து 60 ஆயிரம். பட்டதாரிக்கு மாதம் 5,000 கூடுதலாக வந்தால் அந்தத் தொகையை எட்ட 432 மாதம், அதாவது 36 வருடம் வேண்டும். ஓய்வு வயது 60. கிட்டத்தட்ட ஓய்வூதியத்துக்குப் போகும் நேரத்தில்தான் இருவரும் சமமாவார்கள். உண்மையான வித்தியாசம் இதைவிடக் கூடலாம், குறையலாம். உங்கள் கையிலுள்ள தொகைகளைப் போட்டு நீங்களே பாருங்கள். காத்திருப்பு ஒரு வருடமாகச் சுருங்கினால் முடிவு மாறும்.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் மட்டும் உள்ளவர் பயிற்றப்பட்ட ஆசிரியராகக் கொள்ளப்படுவதில்லை. வேலைக்கு வந்த பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு, வார இறுதிகளும் போகும். கல்லூரியில் படித்தவருக்குப் பயிற்சி முதலிலேயே முடிந்துவிடும். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் கல்விமாணியோ (பி.எட்.) வெளிவாரிப் பட்டமோ படிக்கலாம். அப்போது கட்டணம் அவருடைய காசில்தான் போகும், அப்பாவின் வயலுக்குக் கை வைக்கத் தேவையில்லை. பின்னாளில் கல்வி நிர்வாக சேவைத் திறந்த பரீட்சைக்கு ஆசைப்பட்டால் பட்டம் கட்டாயம், ஆகையால் அந்தப் படிப்பைக் கைவிட்டுவிடக் கூடாது.

மூன்றாவது வழி, உயர்தரம் முடித்த உடனேயே காசு கட்டித் தனியார் நிறுவனத்தில் கல்விமாணி படிப்பது. வன்னியில் இப்போது இதற்கும் விளம்பரம் வருகிறது. இலட்சக்கணக்கில் கட்டிய பிறகும் நியமன உறுதி இல்லை, தங்கிப் பிழைக்கப் பெரிய தனியார் பாடசாலைகளும் இங்கே இல்லை. முன்பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கும் தொகை அந்தக் கடனின் வட்டிக்கே போதாது. அரச நியமனம் மட்டுமே இலக்கென்றால் கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டாம். ஏற்கனவே கட்ட முடிவெடுத்தவர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று ஆணைக்குழுவிடமே நேரில் கேளுங்கள், நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தை நம்ப வேண்டாம்.

தொண்டராசிரியராக (நிரந்தர நியமனம் இல்லாமல் படிப்பிப்பவராக) நின்று பிறகு நிரந்தரமாகலாம் என்ற யோசனையும் சில வீடுகளில் இன்னும் உண்டு. போர்க்காலத்திலும் மீள்குடியேறிய பிறகும் வன்னிப் பாடசாலைகளை இழுத்துப்பிடித்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு இந்த மண் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் நிரந்தர நியமனத்துக்காக இளமையைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். அந்தப் பாதையை இன்றைய பிள்ளைக்கு நான் காட்ட மாட்டேன்.

கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களில் இந்தப் பாடங்களுக்கு ஆள் தேடி அலைகிறார்கள், உயர்தர விஞ்ஞான வகுப்புக்குப் பட்டதாரியே வேண்டும். அந்தப் பட்டத்துக்கு ஆசிரியத் தொழிலுக்கு வெளியேயும் மதிப்பு உண்டு, பின்னேர ரியூசன் வருமானமும் வரும். பௌதிக விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்த பிள்ளையை, குடும்பம் எப்படியாவது தாங்குமென்றால், கம்பஸுக்கு அனுப்புங்கள்.

கல்லூரியைத் தெரிவு செய்பவர்கள் சில நிபந்தனைகளை முன்கூட்டியே பாருங்கள். விண்ணப்பிக்க வயதெல்லை உண்டு, மணமாகாதவராக இருக்க வேண்டும், சேரும்போது குறித்த காலம் சேவை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். முதல் நியமனம் சொந்த ஊரில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வர்த்தமானி அறிவித்தல் வந்தால் விண்ணப்பக் காலம் குறுகியது, பிறப்புச் சான்றிதழையும் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய வதிவிடச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.