ஆர்எக்ஸ், ஒய்இசட், எக்ஸ்பல்ஸ்: ஒரு கடலைக்காட்டில் மூன்று வண்டிகள்

மூன்று வண்டிகளில் மண்ணில் மிக மோசமாக ஓடுவது என்னுடையதுதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைப் பேசுவது எளிது.

நாங்கள் பைக்கை மண்ணில் ஓட்டிப் பார்க்கும் களம், காங்கயத்துக்குத் தெற்கே பங்காளி ஒருவருடைய கடலைக்காடு. எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். கடலை பிடுங்கியபின் அடுத்த மழைவரை சும்மா கிடக்கும் செம்மண், நடுவே இரண்டு வரப்பு, கிழக்கே கருங்கல் பாறை, ஓரத்தில் தண்ணீர் வற்றிய குட்டை. கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் கொறங்காடு. அது மாடுகள் மேயும் இடம், கொழுக்கட்டைப் புல்லின்மேல் டயர் படக்கூடாது என்பதுதான் பங்காளி போட்ட ஒரே நிபந்தனை.

நான் பிரித்துக் கட்டிய யமஹா ஆர்எக்ஸ் 135, ஐந்து கியர். மச்சானுடைய யமஹா ஒய்இசட் 125, மேடுபள்ள மண்பாதையில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே பிறந்தது, பந்தயம் ஓட்டிய ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. இந்த இரண்டும் டூ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒருமுறை எரியும் எஞ்சின். மூன்றாவது, அக்கா மகனின் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, நாலு ஸ்ட்ரோக். "டூ ஸ்ட்ரோக் பேச்சில் நாலு ஸ்ட்ரோக்குக்கு என்னங்க மாப்பிள்ளை வேலை?" என்றார் மச்சான். இன்று கடைக்குப் போய்ச் சாவி வாங்கக்கூடியது மூன்றில் அது ஒன்றுதான். அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் புதிதாக வாங்க நினைப்பவருக்கு இதனால் பயனில்லை.

என் வண்டி 132 சிசி, சுமார் 14 குதிரைத்திறன். எக்ஸ்பல்ஸ் 200 சிசி, ஏறக்குறைய 19. ஒய்இசட் 125 சிசிதான், ஆனால் 35 பக்கம். எடையிலும் அது 95 கிலோவைச் சுற்றியே நிற்கிறது. எக்ஸ்பல்ஸ் 158 கிலோ. என்னுடையதைவிடச் சிறிய எஞ்சின் எப்படி இரண்டரை மடங்கு சக்தி தருகிறது என்று அக்கா மகன் கேட்டான். பதில் சிலிண்டருக்குள் பாதி, சைலன்சருக்குள் பாதி.

நாலு ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் டூ ஸ்ட்ரோக்கின் சிலிண்டர் தலையில் திறந்து மூடும் வால்வு கிடையாது. புகை வெளியேறும் துவாரமும், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை நுழையும் துவாரமும் கொஞ்ச நேரம் ஒன்றாகவே திறந்திருக்கும், அதனால் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடும். அதைத் திருப்பி உள்ளே தள்ளுவதுதான் வயிறு பெருத்த அந்தப் புகைக்குழாயின் வேலை. விரியும் கூம்பில் போகும் அழுத்த அலை பின்னால் ஓர் உறிஞ்சலை அனுப்பிச் சிலிண்டரைக் காலி செய்கிறது. குறுகும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, தப்பியோடிய கலவையைத் துவாரம் மூடும் முன் உள்ளே அடைக்கிறது. நிமிடத்துக்கு 8,500 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஏழு மில்லி வினாடிதான். அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும் என்பதால் குழாயின் நீளமே எந்த வேகத்தில் சக்தி வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீளக் குழாய் கீழே இழுக்கும், குட்டைக் குழாய் மேலே கத்தும்.

நான் மூன்று குழாய்கள் செய்தேன். தகட்டை வெட்டி, கூம்பாகச் சுருட்டி, வளையம் வளையமாக வெல்டிங் வைத்தது. முதலாவது, ஓட்டும்போது சைலன்சர் ஓட்டையான மொபெட்போல இருந்தது. இரண்டாவது 8,000 சுற்றுக்கு மேல்தான் கண்திறந்தது. பாறைமேட்டில் அந்த வேகத்துக்குப் போவதற்குள் நான் கீழே விழுந்திருந்தேன். மூன்றாவதோடு வாழ்கிறேன். ஒய்இசட்டில் இந்தச் சண்டையே இல்லை. புகைத் துவாரத்தின் மேல்விளிம்பைச் சுற்றுக்கேற்ப ஏற்றி இறக்கும் பவர் வால்வு இருக்கிறது, ஆகையால் கீழேயும் ஓரளவு உயிர் உண்டு, மேலே போனால் பேய். மச்சான் ஒருமுறை அதை என் கையில் கொடுத்தார். இரண்டாவது கியரில் வரப்பைத் தாண்டியபோது முன்சக்கரம் எனக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்தது. இறங்கியதும் என் வண்டியில் ஏறினேன். பொம்மையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சஸ்பென்ஷனில் இடைவெளி இன்னும் பெரிது. ஒய்இசட்டின் சக்கரங்கள் சுமார் 300 மி.மீ. மேலும் கீழும் போகும். எக்ஸ்பல்ஸ் முன்னே 190, பின்னே 170. ஆர்எக்ஸ், பால்கேனும் குடும்பமும் ஏற்றித் தார்ச்சாலையில் போகச் செய்த வண்டி. 18 அங்குலச் சக்கரம், இரண்டு பின் ஷாக். முன்னே 21 அங்குல ரிம் போட்டேன், சேஸிஸின் கழுத்தில் தகடு வைத்துப் பலப்படுத்தினேன், பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினேன். இத்தனைக்குப் பிறகும் வரப்பில் பறந்து இறங்கினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகப் பேர் சொல்லும்.

ஒவ்வொரு அளவிலும் தோற்கும் வண்டியை விற்காமல் ஏன் வைத்திருக்கிறேன்?

சென்ற ஆண்டு என் எஞ்சின் ஜாம் ஆனது. தப்பு என்னுடையது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் ஏற்கெனவே ஆக்சிஜன் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைக்கு ஜெட் என்று பெயர்; பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் கூடுதலாகச் சுடும். அது தெரிந்தும், மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றாமல், சித்திரை வெயிலில் குட்டையை முழு ஆக்சிலேட்டரில் ஆறு சுற்று சுற்றினேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை மதியம் சிலிண்டரைத் துணிப்பையில் போட்டுக் கோவை கணபதியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆர்எக்ஸ் சிலிண்டரின் உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ், அதாவது உள்ளுறை. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று கடைந்து அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். அந்த அண்ணன் விரலை உள்ளே விட்டுத் தடவினார், "அரை போதுமுங்க" என்றார். மோட்டார் பம்ப்செட்டுக்குப் புஷ் கடைகிற அதே இயந்திரம், அதே கை. வெள்ளிக்கிழமை வண்டி ஓடியது.

அதே வருடம் மச்சானுடைய ஒய்இசட்டின் சிலிண்டரில் கீறல் விழுந்தது. அது அலுமினியச் சிலிண்டர், உள்ளே நிக்கல் சிலிக்கன் கார்பைடு பூச்சு. லேசானது, சூட்டை நன்றாகக் கடத்தும், இரும்பைவிட நெடுநாள் தேயாது. ஆனால் கெட்டுவிட்டால் எங்கள் லேத்துக்காரர் கைவிரித்துவிடுவார், பூச்சைச் சுரண்டி மறுபடி பூசத் தெரிந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையேல் புதுச் சிலிண்டர் இறக்குமதி செய்ய வேண்டும். பிஸ்டனைக்கூட ஓடிய மணி நேரம் எழுதிவைத்து மாற்ற வேண்டிய வண்டி அது. மச்சான் நான்கு மாதம் என் வண்டியைத்தான் கடன் கேட்டு ஓட்டினார். என் பிடிவாதத்துக்கு நான் காட்டும் ஒரே சாட்சி அந்த நான்கு மாதம்.

தூசி இன்னொரு விஷயம். டூ ஸ்ட்ரோக்கில் கலவை பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது. ஏர் ஃபில்டரில் ஓட்டை இருந்தால் செம்மண் முதலில் தின்பது கனெக்டிங் ராடின் பேரிங்கை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தக் காட்டில் வீசும்போது முன்னால் போகிறவரின் புழுதி பக்கவாட்டில் போய்விடும், நல்லதுதான். சித்திரையில் அப்படியே முகத்தில் நிற்கும். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் நுரைப்பஞ்சு ஃபில்டரைக் கழுவி எண்ணெயிட்டுக் காயவைப்பதில் நானும் மச்சானும் சமம். எங்களிருவருக்கும் ஆயில் கலப்பும் உண்டு: லிட்டருக்கு முப்பது மில்லியை ஒட்டி. எத்தனால் ஈரத்தை இழுப்பதால் கலந்ததைக் கேனில் மாதக்கணக்கில் வைப்பதில்லை.

எக்ஸ்பல்ஸ்காரன் இந்நேரம் குளித்துவிட்டுச் சோறு தின்றுகொண்டிருப்பான். பித்தானை அழுத்துகிறான், கிளம்புகிறது. பாறைச் சரிவில் இறங்கும்போது எஞ்சினே பிடித்து நிறுத்துகிறது. எங்கள் டூ ஸ்ட்ரோக்குகள் சரிவில் கைவிட்ட கன்றுக்குட்டிபோல் ஓடும், பிரேக்கை மட்டும் நம்பியாக வேண்டும். திருப்பூரிலிருந்து தானே ஓட்டிவந்து, விழுந்து எழுந்து, தானே ஓட்டிப்போகிறவனும் அவன் ஒருவன்தான். ஒய்இசட்டுக்கு விளக்கு இல்லை, நம்பர் பலகை இல்லை, சாலையில் உருளவே கூடாது. என் வண்டிக்கு ஆர்.சி. உண்டு, ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, இந்தக் குழாயோடு சாலையில் இறங்கி வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆகவே இரண்டும் குட்டி யானை வண்டியில் ஏறித்தான் வருகின்றன. நிஜ யானை நடமாடும் பக்கம், அதாவது ஆனைகட்டி, பர்கூர் காப்புக்காடுகளுக்குள், மூன்றில் எதற்கும் வேலையில்லை. அனுமதியின்றி நுழைவதே குற்றம்.

நான்காவதாக சுசுகி ஷோகன் என்ற பழைய டூ ஸ்ட்ரோக்கைக் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 108 சிசியில் 14 குதிரைத்திறன், நெஞ்சைத் தொடும் எஞ்சின்; உதிரிபாகம் தேடியே ஆயுள் போய்விடும். இந்தியாவில் ஆர்எக்ஸ் 100 1985 முதல் 1996 வரை வந்தது, ஆர்எக்ஸ் 135 2005 வரை. அத்தனை வண்டிகள் ஓடியதால்தான் பிஸ்டன் இன்றும் கிடைக்கிறது.

தாவிக் குதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், செலவழிக்கப் பணமும் பொறுக்கப் பொறுமையும் உண்டு என்பவர் ஒய்இசட் வாங்கட்டும். ஞாயிறு மட்டும் மண், திங்கள் வேலை என்பவருக்கு எக்ஸ்பல்ஸ், யோசிக்கவே வேண்டாம். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பது யாருக்குப் பிடிக்குமோ அவருக்கு மட்டும் ஆர்எக்ஸ்.

அந்த மூன்றாம் வகை நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் அக்கா மகன் உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஒரு ஆர்எக்ஸ் எஞ்சின் பார்த்ததாகப் படம் அனுப்பினான். சிலிண்டர் துடுப்புகள் உடைந்திருக்கின்றனவா, கிராங்க்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, முக்கியமாக எஞ்சின் எண்ணும் காகிதமும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னேன். காகிதம் இல்லையென்றால் சும்மா கொடுத்தாலும் தொடாதே என்றேன்.

"காகிதம் இருக்கிறது மாமா. அந்த முதல் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?"

பரணில்தான் இருக்கிறது.