கும்பகோணத்துல பழைய இங்கிலீஷ் பத்திரம் படிச்சு தமிழ்ல எழுதிக் குடுக்குற பெரியவர் – தாராளமா நம்பிப் போகலாம்

எங்க வீட்டு அடிமனை குத்தகை பத்திரம் வெள்ளைக்காரன் காலத்துது, முழுக்க இங்கிலீஷ், அதுவும் வக்கீல் இங்கிலீஷ். முதல்ல வேற ஊர்ல ஒரு டிரான்ஸ்லேஷன் சென்டர்ல காசு கட்டி வாங்கினோம், அதுல "மனையின் சொந்தக்காரர் இதன்மூலம் காலமாகிறார்"னு டைப் அடிச்சு சீல் வேற குத்தியிருந்தாங்க. அப்பா பதறிட்டாரு.

அப்புறம் தான் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் இருக்குற இந்த பத்திர எழுத்தர்கிட்ட போனோம். பூதக்கண்ணாடி வச்சு வரி வரியா பாத்தாரு, அந்த இடத்துல பேனாவ நிறுத்தி "யாரும் சாகல தம்பி, குத்தகைக்கு விட்டிருக்காரு"ன்னாரு. வார்த்தை டிமைஸ். இப்ப நாம சாவுக்குப் போடுற அதே வார்த்தை தான், ஆனா பழைய பத்திரத்துல அது வினைச்சொல், குத்தகைக்கோ உயில் மூலமாவோ சொத்த அடுத்தவங்களுக்கு விட்டுக் குடுக்குறதுன்னு அர்த்தம். ராஜா செத்தா பட்டம் வாரிசுக்கு கைமாறும்ல, அந்த கைமாறுறதுக்கும் இங்கிலாந்துல இதே பேரு தான், அதுலேர்ந்து தான் பின்னாடி சாவுக்கே பேரா ஆயிடுச்சாம். இப்பவும் வாடகை அக்ரிமென்ட்ல டிமைஸ்டு பிரமிசஸ்னு வருதே, அதுவும் இது தான்.

இதுல இன்னொரு முக்கியமான விஷயம், இங்கிலாந்து சட்டப்படி குத்தகை பத்திரத்துல அந்த ஒரு வார்த்தை இருந்தாலே குடியிருக்கிறவன யாரும் தொந்தரவு பண்ணாம அனுபவிக்க விடுறேன்னு உறுதி குடுத்த மாதிரி. நம்ம ஊர்ல அது 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108வது பிரிவுலயே தனியா இருக்குன்னு அதையும் ஓரத்துல குறிச்சுக் குடுத்தாரு. எந்த சென்டர்ல இப்படி செய்வாங்க சொல்லுங்க!

உயிலும் பாத்துத் தர்றாரு. டிவைஸ்னா நிலம் நீச்சு எழுதி வைக்கிறது, பிக்வீத்னா நகை, பணம், பாத்திரம் மாதிரி அசையும் சொத்து, பழைய உயில்ல ரெண்டையும் பிரிச்சு தான் போடுவாங்களாம்.

குறைன்னா கையால தான் எழுதித் தர்றாரு, டைப் நாம தான் அடிச்சுக்கணும், கோர்ட்டுக்கு வேணும்னா சான்று தனியா வாங்கணும். ஒரிஜினல கையோட எடுத்துட்டுப் போங்க, ஜெராக்ஸ்ல மை மங்கின இடம் தெரியாது. முகூர்த்த நாள்ல மட்டும் வேணாம், பத்திரப்பதிவு கூட்டத்துல அவர புடிக்கவே முடியாது.